பெயரில்லாத பாட்டில்: தூய்மை ரசாயனத்தைத் தேர்ந்தெடுப்பவர் யார், சுவாசிப்பவர் யார்?

அரசு மருத்துவமனை, பேருந்து நிலையம், கல்லூரி விடுதி, திருமண மண்டபம் எனப் பல பொது இடங்களின் கழிப்பறை மூலையில் ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டில் கிடப்பதைக் காணலாம். ஒரு காலத்தில் குடிநீரோ குளிர்பானமோ இருந்த அதில் இப்போது மஞ்சள் நிறத் திரவம் இருக்கும். பெயர், செறிவு, தயாரித்தவர் என எந்த விவரமும் அதன்மீது இருக்காது. கையாளும் தூய்மைப் பணியாளரிடம் கேட்டால் 'ஆசிட்' என்பார். அதற்கு மேல் அவருக்கு எவரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எந்த இடத்தை எந்த ரசாயனத்தால் தூய்மை செய்வது என்பது இங்கு கொள்முதல் பிரிவின் விவகாரமாக மட்டுமே கருதப்படுகிறது. உண்மையில் அது ஒரு மனிதரின் நுரையீரலையும் தோலையும் கண்களையும் பற்றிய முடிவு. முடிவெடுப்பவர் அதைச் சுவாசிப்பதில்லை, சுவாசிப்பவர் முடிவெடுப்பதில்லை. சுவாசிப்போரில் பெரும்பான்மையினர் பட்டியல் சாதியினர், தமிழ்நாட்டில் குறிப்பாக அருந்ததியர், அவர்களிலும் பெண்கள். எனவே ரசாயனத் தேர்வு சாதியோடு பிணைந்த கேள்வி. சரியான தேர்வு எது, தவறான தேர்வுக்குச் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அழுக்கின் தன்மையே ரசாயனத்தைத் தீர்மானிக்க வேண்டும்

எல்லா அழுக்கும் ஒன்றல்ல. கடினநீரின் உப்புக்கறையும் சிறுநீர்ப் படிவும் அமிலத்தில் கரைபவை. சமையற்கூடத்தின் எண்ணெய்ப் பிசுக்கு காரத்தில் கரைவது. அதற்குச் சலவைச் சோடா போன்ற காரங்கள் பொருந்தும், அமிலம் பயன்படாது. தரையின் அன்றாடத் தூசிக்கும் கறைக்கும் சாதாரண சோப்புத் திரவமே போதும். கிருமிநீக்கம் என்பது இவற்றிலிருந்து வேறான, இறுதியில் செய்ய வேண்டிய வேலை. அழுக்கு படிந்த பரப்பில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் அதன் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமிகள் எஞ்சும். முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவுவதும் பிறகு கிருமிநாசினி இடுவதுமே முறை.

அளவும் அப்படியே. கிருமிநீக்கம் தேவைப்படும் பரப்புகளுக்கு 0.1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலும், பெருமளவு இரத்தம் சிந்திய இடங்களுக்கு 0.5 சதவீதக் கரைசலும் போதுமானவை என 2020ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. 5 சதவீதக் கரைசல் கையில் இருந்தால், அதன் ஒரு பங்கோடு 49 பங்கு நீர் சேர்த்தால் முதல் அளவு கிடைக்கும். 9 பங்கு நீர் சேர்த்தால் இரண்டாவது. இந்த எளிய கணக்கை எழுதி ஒட்டுவதற்கு ஒரு தாளும், அளந்து ஊற்ற ஒரு குவளையும் போதும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் பணியாளர் கண்ணளவில் ஊற்றுகிறார். வாடை அதிகமாக வந்தால்தான் மேற்பார்வையாளர் வேலை நடந்ததாக ஒப்புக்கொள்வார் என்பதால், அளவு எப்போதும் கூடுதலாகவே போகிறது.

கலக்கவே கூடாதவை

பிளீச்சிங் பவுடரோ ஹைப்போகுளோரைட்டோ அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் எனும் நச்சாவி உருவாகும். சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டும்போது எழும் நெடிக்கும் இத்தகைய சேர்மங்களே காரணம். குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. தரையை ஒட்டித் தாழ்வாகத் தேங்கும். குனிந்து கழிப்பறைக் கோப்பையைத் தேய்ப்பவரின் முகம் இருப்பதும் அங்கேதான். காற்றோட்டமற்ற சிறிய அறையில் காலையில் பிளீச்சிங் பவுடரையும் அதன்மேல் ஆசிடையும் அடுத்தடுத்து இடச் சொல்வது, அந்த அறைக்குள் ஒரு மனிதரை வைத்து விஷவாயு தயாரிப்பதற்கு ஒப்பானது.

கழிவுநீர்த் தொட்டியிலும் இதே ஆபத்து உண்டு. தேங்கிய கசடில் சல்பைடுகள் இருக்கும். அடைப்பை நீக்குவதற்காக அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் சல்பைடு வெளிப்படக்கூடும். செறிவு மிகும்போது இந்த வாயு மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், வாடை இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஆசிட் ஏன் மலிவாகத் தெரிகிறது?

உப்புக்கறைக்கு அமிலம் தேவைதான். ஆனால் எந்த அமிலம், எந்தச் செறிவு என்பதில் பெரும் வேறுபாடு உண்டு. மொத்தமாக விற்கப்படும் செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 30 சதவீதத்துக்கு மேற்பட்டது. மூடியைத் திறந்ததுமே ஆவி எழும். சிட்ரிக் அமிலமும் சல்ஃபாமிக் அமிலமும் அதே கறையைக் கரைப்பவை, அப்படி ஆவியாகாதவை. அவற்றை இட்டுச் சிறிது நேரம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும், அவ்வளவே.

அந்தச் 'சிறிது நேரம்'தான் ஒப்பந்த முறையில் கிடைப்பதில்லை. ஆகக் குறைந்த விலை கோருபவருக்கே ஒப்பந்தப்புள்ளி என்னும் நடைமுறையில், ஒப்பந்ததாரர் ஆட்களைக் குறைக்கிறார். எஞ்சிய ஒருவரின் தலையில் பல கழிப்பறைகள் விழுகின்றன. நேரத்துக்கும் ஆட்களுக்கும் பதிலாகச் செறிந்த அமிலம் வேலை செய்கிறது. நிறுவனத்துக்கும் அது உண்மையில் மலிவன்று. மொசைக் தரையையும் ஓடுகளுக்கு இடையிலான சிமெண்டுப் பூச்சையும் அமிலம் அரிக்கிறது. அரிக்கப்பட்ட சொரசொரப்பான பரப்பில் அழுக்கு மேலும் எளிதாகப் படிகிறது; அதை நீக்க மேலும் அமிலம் தேவைப்படுகிறது. இந்தச் சுழற்சியின் செலவில் ஒரு பகுதி கட்டடத்தின் மீதும் மறுபகுதி பணியாளரின் உடல்மீதும் ஏற்றப்படுகிறது. ஒப்பந்தப்புள்ளியின் விலைப்பட்டியலில் இரண்டுக்கும் இடமில்லை.

கையுறை என்பது கடைசிப் படி

பணியிடப் பாதுகாப்பியலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு வரிசை உண்டு. ஆபத்தான பொருளை அறவே தவிர்ப்பது முதற்படி. இயலாவிட்டால் தீங்கு குறைந்த மாற்றுப் பொருளைப் பயன்படுத்துவது இரண்டாவது. காற்றோட்டம், நீண்ட கைப்பிடித் தூரிகை, இயந்திரம் போன்ற ஏற்பாடுகள் மூன்றாவது. பயிற்சியும் வேலைமுறை ஒழுங்கும் நான்காவது. கையுறையும் முகக்கவசமும் கடைசி. நம் நிறுவனங்கள் கடைசிப் படியிலிருந்தே தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கின்றன. துணி முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்கலாம். குளோரினையோ அமில ஆவியையோ தடுக்காது. அதை வழங்கிவிட்டுப் 'பாதுகாப்பு உபகரணம் அளித்தோம், அவர்கள்தான் அணியவில்லை' என்று எழுதிவைப்பது, பொறுப்பைப் பாதிக்கப்பட்டவர்மீதே தள்ளும் உத்தி.

சட்டம் கண்ட ஆசிட், சட்டம் காணாத ஆசிட்

லக்ஷ்மி வழக்கில் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அமில விற்பனையைக் கட்டுப்படுத்தியது. வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் குறிக்காமல் சில்லறை விற்பனை கூடாது. 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்கக் கூடாது. அமிலம் வைத்திருக்கும் கல்வி நிறுவனங்களும் மருத்துவமனைகளும் அரசுத் துறைகளும் பயன்பாட்டுப் பதிவேடு பேண வேண்டும், அதன் இருப்புக்கு ஒருவரைப் பொறுப்பாளராக்க வேண்டும் என்றெல்லாம் அந்த ஆணை கூறுகிறது. பெண்கள்மீதான அமில வீச்சைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆயினும் அந்தப் பதிவேடு முறையாகப் பேணப்பட்டால், ஒரு மருத்துவமனையில் எவ்வளவு அமிலம் வாங்கப்பட்டது, யார் கையில் தரப்பட்டது என்பதற்கு அதுவே ஆவணம். தூய்மைப் பணியாளர் சங்கங்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் 'அபாயகரமான தூய்மைப் பணி' என்று வரையறுப்பது, பாதுகாப்பு ஏற்பாடுகளின்றிக் கழிவுநீர்க் குழாயையும் மலத்தொட்டியையும் மனிதரைக் கொண்டு தூய்மை செய்விப்பதை மட்டுமே. பல்ராம் சிங் வழக்கில் 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. அது போராடிப் பெற்ற உரிமை. ஆனால் பல ஆண்டுகள் அமில ஆவியைச் சுவாசித்து மெல்ல மெல்ல மூச்சிழப்பவர் இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார். குளோரின் எந்த அளவுக்கு மேல் காற்றில் இருக்கக் கூடாது என்பதைத் தொழிற்சாலைகள் சட்டம் அட்டவணையிட்டது. பேருந்து நிலையக் கழிப்பறை அந்தச் சட்டத்தின் பொருளில் தொழிற்சாலை அல்ல.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு இரு முகங்கள் கொண்டது. ஒருபுறம், காயமோ தொழில்சார் நோயோ விளைவிக்கும் ஆபத்துகள் இல்லாத பணியிடத்தை அமைப்பது வேலையளிப்பவரின் கடமை என்கிறது. தம் பாதுகாப்பு, உடல்நலம் குறித்த தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பிரிவு 14 பணியாளருக்கு அளிக்கிறது. மறுபுறம், துப்புரவுப் பணியே நோக்கமாக அமைந்த நிறுவனம் தவிர, வேறெங்கும் அப்பணி 'மையச் செயல்பாடு' ஆகாது என்று வரையறுத்து, அதை ஒப்பந்தத்துக்கு விடும் வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. தொற்றுத் தடுப்பு இன்றி மருத்துவமனை இல்லை. தூய்மைப் பணி இன்றித் தொற்றுத் தடுப்பு இல்லை. அவ்வாறிருக்க, மருத்துவமனையில் அப்பணி மையமானதன்று என்று சட்டம் கூறுவதில் சாதியப் பார்வை உறைந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணிகளைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் நடத்திய போராட்டத்தை இந்தப் பின்னணியிலும் படிக்க வேண்டும். ஒப்பந்தம் ஊதியத்தை மட்டும் குறைப்பதில்லை. எது கொடுக்கப்பட்டது, யார் கொடுத்தார் என்ற பொறுப்பின் சங்கிலியையும் அறுக்கிறது.

ரசாயனம் யார்மீது எளிதாகப் பாயும் என்பதைப் பெருந்தொற்றுக் காலமும் காட்டியது. 2020 மார்ச் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களைத் தரையில் அமர்த்தி, பரப்புகளுக்கு உரிய ஹைப்போகுளோரைட் கரைசலை அவர்கள்மீது பீய்ச்சினார்கள். மனிதர்மீது கிருமிநாசினி தெளிக்கவே கூடாது என ஒன்றிய சுகாதார அமைச்சகம் ஏப்ரலில் அறிவுறுத்த வேண்டியிருந்தது.

கோர வேண்டியவை

தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என 1995ஆம் ஆண்டிலேயே கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதன் அடிப்படையில் சங்கங்கள் முன்வைக்கக்கூடிய குறைந்தபட்சக் கோரிக்கைகள் இவை:

1. எந்தப் பொருளும் பெயர், செறிவு, அபாயக் குறியீடு, நீர்க்கும் அளவு ஆகியவை தமிழில் எழுதப்பட்ட மூல உறையில் மட்டுமே தரப்பட வேண்டும். பெயரில்லாத பாட்டிலைத் தொட மறுப்பது ஒழுங்கீனமாகக் கருதப்படக் கூடாது.

2. ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பாதுகாப்புத் தரவுத் தாள் பணியிடத்தில் இருக்க வேண்டும். ஆபத்து, முதலுதவி, எதனோடு கலக்கக் கூடாது என்ற பகுதிகளையாவது தமிழில் விளக்க வேண்டும்.

3. செறிந்த அமிலத்தை ஒப்பந்தப்புள்ளிப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும். மாற்று இருக்கையில் அதை வாங்குபவர் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து கையொப்பமிட வேண்டும்.

4. கழிப்பறைக்கு அருகிலேயே ஓடும் நீர் வேண்டும். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடங்கள் இடைவிடாமல் கழுவ வேண்டும். ஒரு குவளை நீரால் அது இயலாது.

5. ஆண்டுதோறும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனை நடத்தி, முடிவை எழுத்தில் பணியாளரிடமே தர வேண்டும்.

இவற்றில் முதலாவது மிகச் சிறியதாகத் தோன்றலாம். தொழில்சார் நோயையும் விபத்துக் காயத்துக்கு நிகராகக் கருதி இழப்பீடு தர நம் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் எந்தப் பொருளால், எவ்வளவு காலம், யாருடைய ஆணையின்பேரில் என்பதை மெய்ப்பிக்க வேண்டிய சுமை நடைமுறையில் பணியாளர்மீதே விழுகிறது. தாம் என்ன சுவாசித்தோம் என்பதே தெரியாத ஒருவர் எந்த மன்றத்தில் எதை மெய்ப்பிப்பார்? பெயர்ச்சீட்டு இல்லாமையால் ஒப்பந்ததாரருக்கும் முதன்மை வேலையளிப்பவருக்கும் எதிரான சான்று தொடக்கத்திலேயே அழிந்துவிடுகிறது. ஒப்பந்தப்புள்ளி ஆவணம், ரசாயனக் கொள்முதல் பட்டியல், அமிலப் பயன்பாட்டுப் பதிவேடு ஆகிய மூன்றையும் அரசு நிறுவனங்களிடமிருந்து 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். அந்த வேலையை நோய் வந்தபின் தொடங்காமல், இப்போதே தொடங்க வேண்டும்.