முருகைக்கல் ஓர் உயிர்வேலி

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் தூரத்தில் பாசிக்குடா இருக்கிறது. வெளிநாட்டவர் விமானமேறி வந்து பார்க்கும் இந்தக் கடலை, பக்கத்து ஊர்களில் வாழும் நம்மில் எத்தனை பேர் ஆறுதலாக இருந்து பார்த்திருக்கிறோம்? யுத்த காலத்தில் பாதை இல்லை. 2004 டிசம்பர் 26இன் பின் கடலைப் பார்க்கவே மனமில்லை. எங்கள் சேமிப்புக் குழுவில் பலர் சுனாமிக்குப் பிறகு கடலில் கால் நனைத்ததே இல்லை. கடந்த வைகாசியில் எல்லோரும் காசு சேர்த்து, வான் பிடித்துப் போய் வந்தோம்.

பாசிக்குடாவில் அலை குறைவு. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். அடியில் கண்ணாடி பதித்த வள்ளத்தில் ஏறினோம். குனிந்து பார்த்தால் மான்கொம்பு போலவும் உருண்டையாகவும் முருகைக்கற்கள். இடையிடையே வண்ண மீன்கள்.

"இது கல்லா மகன்?" என்று எங்களுள் மூத்தவர் கேட்டார்.

"உயிர் ஆச்சி. சின்னச் சின்னப் பூச்சிகள் கூடிக் கட்டின வீடு" என்றார் வள்ளமோட்டிய தம்பி.

அங்கிருந்து ஓட்டமாவடிப் பாலம் கடந்து, வாகரை வீதியில் காயங்கேணிக்குப் போனோம். 2006, 2007இல் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்த சகோதரிகள் எங்களோடு இருந்தார்கள். அன்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விட்டுவந்த பக்கத்துக்கு, இன்று சோற்றுப் பொதியோடு போனோம். காயங்கேணிக் கடல் 2019ஆம் ஆண்டு கடல்சார் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. நிலாவெளியின் புறாத்தீவு 2003இலேயே தேசியப் பூங்காவாகிவிட்டது.

இந்தப் பாதுகாப்பு எதற்கு? முன்பு இந்தக் கரைகளில் முருகைக்கல்லை உடைத்து, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றார்கள். உருண்டையாக வளரும் முருகைக்கல் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர்தான் வளரும். ஒரு நாளில் உடைத்ததை மீட்க ஓர் ஆயுள் போதாது. கடல்நீர் அளவு மீறிச் சூடாகும்போதும் அவை வெளுத்துச் சாகின்றன. 1998இல் இலங்கையில் பல இடங்களில் அப்படி நடந்தது.

சுனாமியின் பின் தென்பகுதியில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். முருகைக்கற்பாறை இருந்த ஹிக்கடுவையில் தண்ணீர் சுமார் 50 மீற்றர் தூரமே உள்ளே வந்திருந்தது. கல் அகழப்பட்டிருந்த, அருகிலுள்ள பெரலியவில் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் புகுந்திருந்தது. முருகைக்கல் பேரலையை முற்றாக நிறுத்திவிடாது. ஆனால் அதன் வேகத்தைக் குறைக்கும். மீன் குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான். ஆகவே அது நம் வீட்டுக்கு வேலி, நம் அடுப்புக்கு உலை.

திரும்பும் வழியில் கல்லடிப் பாலத்தில் இறங்கினோம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் இது. பௌர்ணமி இரவில் வள்ளத்தில் இருந்து, துடுப்பைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காது வைத்தால் மீன்பாட்டுக் கேட்கும் என்பார்கள். நேரமிருந்தால் பாலமீன்மடுவில் 1913இல் கட்டிய வெளிச்சவீட்டையும் பார்க்கலாம்.

சகோதரிகளே, நீங்களும் குழுவாகப் போய் வாருங்கள். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். முருகைக்கல்லில் ஏறி நிற்காதீர்கள். உடைத்து எடுக்காதீர்கள், அது சட்டப்படியும் குற்றம். பிளாஸ்ரிக் பைகளைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். கடல் என்றால் பயம் மட்டும்தான் என்று அவர்கள் வளரக்கூடாது.