ஓக் ஆலி பெருந்தோட்டம்

ஓக் ஆலி பெருந்தோட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், வாசெரி என்னும் ஊரில் அமைந்துள்ள பழைய கரும்புத் தோட்டமும் மாளிகையும் ஆகும். ஆற்றுப் பக்கத்திலிருந்து மாளிகையை நோக்கி இரு வரிசைகளாக நிற்கும் 28 கருவாலி (ஓக்) மரங்களால் இப்பெயர் பெற்றது. 1974 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

மரங்கள்

இம்மரச்சாலை ஏறத்தாழ 240 மீட்டர் நீளமானது. மரங்கள் 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடப்பட்டவை எனக் கருதப்படுகிறது. அதாவது, அவை மாளிகையை விட மூத்தவை. நட்டவர் யார் என்பது அறியப்படவில்லை. இவை குவெர்க்கசு வர்ஜீனியானா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. குளிர்காலத்திலும் இவ்வினம் இலையின்றி நிற்பதில்லை. இளவேனிலில் புதிய இலைகள் தோன்றும்போதே பழையவை உதிர்கின்றன. கிளைகள் மேல்நோக்கி வளர்வதைக் காட்டிலும் பக்கவாட்டில் பரவுவதால், எதிரெதிர் மரங்கள் இணைந்து பந்தல் போலக் காட்சியளிக்கின்றன. கிளைகளில் ஒருவகைப் பன்னம் ஒட்டி வளரும். வறட்சியில் சுருண்டு பழுப்பாகிக் கிடக்கும் அது, மழை பெய்ததும் மீண்டும் பசுமையாகிவிடும்.

மாளிகையும் அடிமைகளும்

சாக் டெலெசுபோர் ரோமான் என்பவருக்காக 1837–1839 காலப்பகுதியில் மாளிகை கட்டப்பட்டது. அதைச் சுற்றியுள்ள தூண்களும் 28. கட்டியவர்களும் கரும்பு வெட்டிச் சர்க்கரை காய்ச்சியவர்களும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களே. நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கு வாழ்ந்தனர். 1848 இல் ரோமான் இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்துக் கணக்கில், இவர்களும் விலை குறிக்கப்பட்டு எழுதப்பட்டனர்.

அன்டுவான்

அவர்களுள் ஒருவரான தோட்டக்காரர் அன்டுவான், 1846–47 குளிர்காலத்தில் பெக்கான் மரத்தை வெற்றிகரமாக ஒட்டுக் கட்டினார். விதையிலிருந்து முளைக்கும் பெக்கான் தாய்மரத்தின் இயல்பை அப்படியே கொண்டிருப்பதில்லை. நல்ல கொட்டை தரும் மரத்தின் தண்டை வேறொரு மரத்தில் ஒட்டினால்தான் அதே தரத்தைப் பெருக்க முடியும். இன்றைய பெக்கான் வேளாண்மை இம்முறையிலேயே நடைபெறுகிறது. இவர் உருவாக்கிய மரங்களின் கொட்டை 1876 இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பரிசு பெற்று, 'சென்டெனியல்' எனப் பெயர் பெற்றது. அன்டுவானின் குடும்பப் பெயர் கூடத் தெரியவில்லை. மேலும், அவர் ஒட்டிய மரங்கள் பல, பின்னர் கரும்பு நடுவதற்காக வெட்டப்பட்டன.

பிற்காலம்

உள்நாட்டுப் போருக்குப் பின், 1866 இல் தோட்டம் ஏலத்தில் விற்கப்பட்டது. பாழடைந்திருந்த மாளிகையை 1925 இல் இசுட்டூவர்ட் குடும்பத்தினர் வாங்கிச் சீரமைத்தனர். தற்போது ஓர் அறக்கட்டளை இதனைப் பராமரிக்கிறது. வருவோர் பெரும்பாலும் மரச்சாலையையே படம் பிடிக்கின்றனர். மாளிகைக்குப் பின்புறம் அடிமைகளின் குடில்கள் மீளக் கட்டப்பட்டுள்ளன. ஆவணங்களில் கண்டறியப்பட்ட அவர்களது பெயர்களும் அங்கே எழுதப்பட்டுள்ளன.