படித்த நாவலை மீண்டும் படித்தல்

ஒருமுறை படித்த நாவலை மறுபடி கையிலெடுப்பவரைக் கண்டு, "முடிவுதான் தெரிந்ததாயிற்றே, இனி அதில் என்ன இருக்கிறது?" என்று நகைப்போர் உளர். முடிவை அறிதலொன்றே நாவலின் பயனாயின், அவர் நகைப்பு நியாயமானதே.

சேர் வால்டர் ஸ்கொட்டின் நாட்குறிப்பு இதற்கு வேறு விடை தருகின்றது. 1826ஆம் ஆண்டு ஜனவரியில், அவர் பங்காளராயிருந்த அச்சகமும் அவர் நூல்களை வெளியிட்டுவந்த பதிப்பகமும் ஒருங்கே வீழ்ந்தன. ஐம்பத்துநான்கு வயதில் ஓரிலட்சம் பவுணுக்கு மேற்பட்ட கடன் அவர் தலைமேல் வந்தது. வங்குரோத்து என்று கைவிரிக்க அவர் உடன்படவில்லை. எழுதியே தீர்ப்பதென்று துணிந்தார். எடின்பரோ நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த வீடும் கைவிட்டுப் போயிற்று. மார்ச் 15ஆம் நாள் அவ்வீட்டினின்றும் வெளியேறினார். அதற்கு முதல் நாட் குறிப்பில், ஜேன் ஒஸ்ரின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்' என்னும் நாவலைக் குறைந்தது மூன்றாம் முறையாகப் படித்ததைப் பற்றி எழுதுகின்றார்.

அந்நாவலிற் கோட்டைகளும் முற்றுகைகளும் இல்லை. நாட்டுப்புறக் குடும்பமொன்றில் மணமாகாத பெண்கள் ஐவர், விருந்துகள், கடிதங்கள், அயலார் பேச்சு, அவ்வளவே. வீரர்களையும் போர்களையும் பெருமுழக்கத்தோடு எழுதவல்ல ஸ்கொட், எளிய மனிதரையும் எளிய நிகழ்ச்சிகளையும் சுவையுடையனவாக்கும் அந்நுண்திறன் தமக்கு வாய்க்கவில்லையென மனமுவந்து ஒப்புக்கொள்கின்றார். பெரும் எழுத்தாளர் வாயில் இது எளிதில் வரும் சொல்லன்று.

முதன்முறை படிப்பவர், எலிசபெத்துக்கும் டார்சிக்கும் மணம் கைகூடுமோ என்ற ஆவலினால் ஓடுகின்றார். மறுமுறையிலேதான் கண் ஆங்காங்கே தங்குகின்றது. ஷார்லட் என்பாள், தற்பெருமை மிக்க கொலின்ஸ் பாதிரியாரை வாழ்வுக்கு ஒரு வழி வேண்டி மணந்தவள். வீதியை நோக்கிய அறையிலே கணவர் இருக்கிறார். இவளோ பின்புறத்து அறையைத் தன் இருப்பிடமாக்கிக் கொள்கின்றாள். உணவறை அதனினும் பெரிது, காட்சியும் இனிது. அங்கே அமரின் அவரும் அடிக்கடி வந்து அமர்ந்துவிடுவார் அல்லவா! சில வரிகளில் வந்து மறையும் இச்செய்தியிலே ஒரு பெண்ணின் இல்லறம் முழுவதும் அடங்கியுள்ளது. முதல் ஓட்டத்தில் இதனைக் கண்டுகொள்வோர் மிகச் சிலரே.

இவ்வாறு ஓர் அறையின் பொருளை உணர்ந்த கண், நூலை மூடியவுடன் மங்கிவிடுவதில்லை. நாள்தோறும் ஒரே குறையை எடுத்துரைக்கும் அயலவரும், மிச்சக் காசை மும்முறை எண்ணிக் கொடுக்கும் கடைக்காரரும் நேற்றுவரை சலிப்பூட்டியவர்கள். இன்று அவர்தம் பேச்சைச் சற்று நின்று கேட்கத் தோன்றுகின்றது. எல்லா நாவல்களும் இப்பயன் தருமென்பதற்கில்லை. மர்மம் ஒன்றையே நம்பிய துப்பறியுங் கதை, மர்மம் வெளிப்பட்டபின் பெரும்பாலும் வெறுங்கூடாகிவிடும்.

ஜேன் ஒஸ்ரினே ஸ்கொட்டைத் தேற்றினார் என்பது மிகை. அவ்வாண்டு மே மாதத்தில் அவர் மனைவியாரும் காலமானார். ஆயினும் பேனா ஓயவில்லை. வீட்டைவிட்ட அந்த மார்ச் மாதத்திலேயே 'உட்ஸ்டொக்' என்னும் நாவலை எழுதி முடித்தார்; மறு ஆண்டு நெப்போலியன் வரலாறு ஒன்பது பாகங்களாக வெளிவந்தது. 1832இல் அவர் மறைந்தபோது எஞ்சியிருந்த கடனும், பின்னர் அவர் நூல்களின் உரிமையைக் கொண்டே தீர்க்கப்பட்டது.