ஈரலின் அரிய நோய்களும் காந்தப் பரிவுப் படமும்

நோயினையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருத்துவன் செயற்படல் வேண்டுமென வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்தினார். அவ்வதிகாரத்தின் முடிவிலே மருத்துவத்தை நான்கு கூறாக்கி, அவற்றுள் நோயுற்றவனையே முதலில் வைத்தார். நோயுற்றவன் மருத்துவத்துக்கு உட்படுபவன் மாத்திரமல்லன். அதன் பங்காளியுமாவான் என்பது இதனாற் பெறப்படும். ஈரல் நோய்களை ஆராய வந்த புதிய கருவியாகிய காந்தப் பரிவுப் படத்தின் கண்ணும் இவ்வுண்மை விளங்குதலைக் காணலாம்.

வலது விலாவின் கீழே, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையோடு அமைந்துள்ள ஈரல் ஒரு மௌன உறுப்பு. அதனைப் போர்த்திய உறையில் வலியுணரும் நரம்புகள் உண்டு, உள்ளிழையத்தில் இல்லை. ஆதலின் உள்ளே தோன்றும் கட்டி நெடுங்காலம் தன்னை அறிவிப்பதில்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகிய குளங்களின் கீழ் வயல் செய்யும் வன்னி உழவன் ஒருவன், மாரி காலத்திற் சேற்றில் உழைத்த பின் காய்ச்சலும் வலப்பக்க நோவும் கொண்டு வைத்தியசாலையை அடைகின்றான் எனக் கொள்வோம். கழியொலிப் படம் ஈரலில் ஒரு நிழலைக் காட்டுகின்றது. அஃது அமீபாவினால் விளைந்த சீழ்க்கட்டியோ, மண்ணில் வாழும் பற்றீரியா விளைத்த சீழ்க்கட்டியோ, தீங்கற்ற குருதிக்கலன் முடிச்சோ, புற்றுநோயோ? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஊசி செலுத்தி இழையம் எடுத்துப் பார்ப்பின் விடை கிடைக்கலாம்; ஆயினும் ஈரல் குருதி நிறைந்த உறுப்பாதலின் அம்முறை எக்காலும் இடரற்றதன்று.

இவ்விடத்தே காந்தப் பரிவுப் படம் துணை செய்கின்றது. மனித உடலிற் பெரும்பகுதி நீர். நீரில் ஐதரசன் உண்டு. ஐதரசன் அணுவின் கருவாகிய புரோத்தன் ஒரு சிறு காந்தம் போன்றது. புவியின் காந்தப் புலத்தினும் முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வலிய, 1.5 தெசுலா அளவான புலத்தில் உடலை வைப்பின், அப்புரோத்தன்களுட் சிறு பகுதி மிகையாகப் புலத்தின் திசையில் ஒழுங்குறும். பின்னர் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் அதிர்வுடைய வானொலி அலையைச் செலுத்தின் அவை பரிவுற்றுச் சத்தியை ஏற்கும். அலை நின்றதும் மீண்டும் பழைய நிலையை எய்தும். ஊஞ்சலை அதன் வீச்சுக்கு இசையத் தள்ளினாற்றான் அது உயர எழும் என்பதை நினைப்பின் பரிவு என்பது விளங்கும். மீளும் வேகம் இழையத்துக்கு இழையம் வேறுபடும். அவ்வேறுபாடே படத்தில் ஒளியும் இருளுமாகின்றது. 1946 இல் புளொக், பேர்சல் ஆகியோர் தனித்தனியே கண்ட இந்நிகழ்வைக் கொண்டு படம் அமைக்கும் வழியை 1973 இல் லோற்றர்பர் வெளியிட்டார். அவரும் அம்முறையை வளர்த்த மான்ஸ்பீல்டும் 2003 இல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஈரலை ஆராயுங்கால் இம்முறை பல வினாக்களை ஒருங்கே எழுப்புகின்றது. முதலாவது, கட்டியினுள் நீர் எவ்வளவு? குருதிக்கலன் முடிச்சு நீர் மிகுந்ததாதலின் ஒருவகைப் படத்தில் விளக்கொளி போற் பிரகாசிக்கும். இரண்டாவது, நீர்த்துணிக்கைகள் தடையின்றி உலாவுகின்றனவா? தடித்த சீழில் அவை தடையுறும். தெளிந்த நீர்ப்பையில் உலாவும். மூன்றாவது, அங்கு இயல்பான ஈரற் கலங்கள் உண்டா? கடோலினியம் என்னும் உலோகத்தின் சேர்வைகளுள் ஒன்றாகிய கடொக்செற்றிக் அமிலத்தை நாளத்தில் ஏற்றினால், அதிற் பாதியளவை ஈரற் கலங்கள் உள்ளிழுத்துப் பித்தத்தில் விடும். இருபது நிமிடத்தின் பின் எடுக்கும் படத்தில் ஈரல் ஒளிரும். வேற்றிடத்துப் புற்றுநோய் பரவிய கட்டியோ இருண்டு நிற்கும். ஈரற் கலங்களே முடிச்சாய்ப் பெருகிய தீங்கற்ற அரிய கட்டியொன்று பெரும்பாலும் ஒளிர்ந்தே தோன்றும். இவ்வேறுபாட்டால் வேண்டாத அறுவைச் சிகிச்சை தவிர்க்கப்படும். நாயின் நாடாப்புழுவால் விளையும் நீர்ப்பைக் கட்டியில் சேய்ப்பைகளும் கரிய விளிம்பும் காணப்படும். அதனை அறியாது ஊசியாற் குத்தின் உள்நீர் சிந்தி உயிருக்கே ஊறு நேரலாம்.

மேற்கூறிய உழவனுக்கு வருவோம். அமீபாச் சீழ்க்கட்டி பெரும்பாலும் வலப்பாகத்தில் தனியொன்றாய் அமையும். மெட்ரோனிடசோல் என்னும் மருந்துக்கு அடங்கும். மெலியொய்டோசிஸ் என்னும் மண்வழி நோயிலோ சிறு சீழ்ப்பைகள் பல நெருங்கித் தேன்வதை போலத் தோன்றுதல் உண்டு. 1911 இல் இரங்கூனில் விற்மோரும் கிருஷ்ணசுவாமியும் இந்நோயைக் கண்டு மறுவருடம் விவரித்தனர். இலங்கையில் 1927 இல் முதன்முதற் பதிவாயிற்று. நெடுங்காலம் அரிதெனக் கருதப்பட்ட இது நாட்டின் பல பாகங்களிலும் உள்ளதென அண்மை ஆய்வுகள் காட்டின. வயற் சேற்றோடு உறவுடையோரையும், அவருள் நீரிழிவுடையோரையும் இது மிகுதியும் பற்றும். செப்டசிடைம், மெரோபெனெம் போன்ற மருந்துகளை நாளத்தின் வழியே சில வாரங்களும், அதன்பின் வேறு மருந்தை வாய்வழியே மூன்று மாதமேனும் கொடுத்தல் வேண்டும். ஆயினும் படம் ஐயத்தை எழுப்புமேயன்றிக் கிருமியின் பெயரைக் கூறாது. குருதியையும் சீழையும் வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்தியே அதனை உறுதி செய்வர்.

வன்னி மக்கள் இக்கருவியை அணுகுமுன் கூற வேண்டியவை மூன்று. சேற்றில் உழைத்தமையும் நீரிழிவுண்மையும் முதலாவது. உடலிற் புதைந்த இரும்பு இரண்டாவது. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் எறிகணைச் சிதறல்களை இன்றும் உடலிற் சுமப்போர் பலர். வலிய காந்தம் அவற்றை அசைக்கவோ சூடேற்றவோ கூடும். கண்ணருகே உள்ள துணிக்கை மிக ஆபத்தானது. ஈரலருகே உள்ளது படத்தையே சிதைக்கும். அதனாற் சிதறலுடைய யாவர்க்கும் இப்பரிசோதனை ஆகாதென்பதில்லை. முன்னதாக ஊடுகதிர்ப் படம் எடுத்து, சிதறல் இருக்கும் இடமறிந்து நிபுணர் முடிவு செய்வர். சிறுநீரக நிலை மூன்றாவது. காரணம் முற்றாக விளங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் காணப்படுவது. சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றோர்க்குச் சில கடோலினியச் சேர்வைகள் தோலையும் உள்ளுறுப்புக்களையும் இறுகச் செய்யும் என்பது 2006 இல் தெரியவந்தது. ஆதலின் ஏற்றுமுன் குருதிச் சோதனை வேண்டும்.

பழைய காயத்தைப் பற்றிப் பேச விரும்பாது அதனை மறைத்துப் போவார் உளர். அம்மௌனம் இயல்பே, ஆயினும் காந்தத்தின் முன் அது தீங்காய் முடியலாம். ஈரல் பேசாத உறுப்பு. அதனைப் பேசவைக்கும் கருவி வந்துவிட்டது. எனினும் மண்ணோடு உழைத்த வாழ்வையும் உடலிற் கிடக்கும் இரும்பையும் நோயுற்றவனே வாய்திறந்து கூறல் வேண்டும். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் அவனை முதலாவதாக வைத்தமையின் பொருத்தம் இதனால் நன்கு புலனாகும்.