நம் நெய்யாறு பிறக்கும் மலை

பொதிகை என்றவுடன் நம்மில் பலருக்குக் குற்றாலமும் பாபநாசமுமே நினைவுக்கு வரும். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் பிறந்த எங்களுக்கோ அது, மழை விட்டு வானம் தெளிந்த காலைகளில் கிழக்கே தெரியும் மலை. 1956இல் மொழிவாரி எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழகம் சென்றது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மலைக்கு அந்தக் கோடு தெரியாது. கிழக்கே இறங்கும் தாமிரபரணி நெல்லைக்குப் போகிறது; மேற்கே இறங்கும் நெய்யாறு எங்கள் ஊர்களைத் தொட்டுப் பூவாறில் கடல் சேர்கிறது.

மலையாளத்தில் அகஸ்தியார்கூடம் எனப்படும் அதன் உச்சி 1868 மீட்டர் உயரம். ஆண்டுதோறும் ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்களுக்கு மட்டும், முன்பதிவு செய்தவர்களைக் கேரள வனத்துறை அனுமதிக்கிறது. 2020 ஜனவரியில் நான் சென்று வந்தேன்.

நெடுமங்காடு, விதுரா வழியாகப் போனக்காடு சென்று, அங்கிருந்து நடை. திருவனந்தபுரம் நகரில் பாலத்தின் மேலிருந்து பார்த்த கரமனையாற்றை இங்கே கற்களில் கால் வைத்துத் தாண்டுகிறோம். புல்வெளி முடிந்ததும் கடும் ஏற்றம். நூற்றுக்கு ஒன்று ஏற்றம் என்றாலே கனத்த சரக்கு வண்டிக்கு இன்னொரு எஞ்சின் தேவையா என்று ரயில்வேயில் யோசிப்போம். இங்கே ஓரிடத்துக்கு 'முட்டிடிச்சான்' என்றே பெயர்; முன்னே தூக்கும் முழங்கால் நெஞ்சில் இடிக்கும்! இரவு அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் பாறைகளில் கயிறு பிடித்து உச்சி ஏற வேண்டும். 1850களில் ஜான் ஆலன் புரூன் என்ற விஞ்ஞானி இந்த உச்சியில் ஓர் ஆய்வுக்கூடமே அமைத்தார். கருவிகளை இவ்வழியே சுமந்தவர்களை நினைத்து வியந்தேன்.

என்னுடன் வந்தவள் தம்பி மகள். பள்ளி நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு வழியில்லை என்றே பதில். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் முதல் பெண் உச்சியை அடைந்தார். மகனுக்கு மட்டும் காட்டிய மலையை இனி மகளுக்கும் காட்டலாம். கயிற்றுப் பாறையில் அவள் எனக்கு முன்னே ஏறி, "பெரியப்பா, இடது காலை வையுங்க" என்று வழி சொன்னாள்.

இம்மலையின் உண்மையான உரிமையாளர்கள் காணிக்காரர்கள். 1987இல் இக்காட்டில் நடந்த ஆய்வாளர்கள் களைத்தபோது, கூட வந்த காணிகள் ஒரு சிறு காயை மென்றபடி சோர்வின்றி நடந்தார்களாம். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாயிற்று. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என முடிவாயிற்று. படித்தவர்கள் படிக்காதவர்களிடம் பாடம் கேட்டு, அதற்கு விலையும் கொடுத்த அரிய நிகழ்ச்சி இது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் இரண்டு மாதம் முன்பிருந்தே தினமும் படியேறிப் பழகுங்கள். இளையவர்களை அழைத்துச் செல்லுமுன் வயது வரம்பை வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் எதையும் காட்டில் விடாதீர்கள். வழிகாட்டியின் சொல்லை மீறாதீர்கள், அது யானைக் காடு. அயல்நாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பொதிகை பாடப்புத்தகப் பெயராக மட்டும் நின்றுவிட வேண்டாம். அந்த ஆற்றுநீரில் ஒருமுறை கால் நனைக்கட்டும்.