உங்களுக்குத் தெரியுமா? இணைப்புப் போடும் கருவிகள்

ஓர் இணையதளத்தின் ஒரு பக்கத்திலிருந்து அதே தளத்தின் இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்தான் உள் இணைப்பு. கூகுள் தேடலில் மேலே வர இதுவும் ஒரு வழி. கையால் போட்டால் செலவே இல்லை. ஆனாலும் இதற்கென்று விற்பனைக்கு இருக்கும் கருவிகளோ ஏராளம். பணம் கட்டுவதற்கு முன் சில சேதிகள்.

● கூகுள் பிறந்ததே இணைப்புக் கணக்கில்தான். லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்தபோது உருவாக்கிய 'பேஜ்ரேங்க்' முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களுக்கு என்ன மதிப்பு என்று பார்த்தது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளோடு, தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளும் இந்தக் கணக்கில் சேரும்.

● பேஜ்ரேங்க் முறையின் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டுக்குச் சொந்தமாக இருந்தது. அதைப் பயன்படுத்த அனுமதித்ததற்காகக் கூகுள் கொடுத்த 18 லட்சம் பங்குகளை விற்றதில் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த தொகை 33.6 கோடி டாலர்.

● பேஜும் பிரின்னும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு கற்பனை வாசகர் வருகிறார். கண்ணில் படும் லிங்க்கைக் கிளிக் செய்துகொண்டே போவார். சலித்தால் சம்பந்தமில்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவுவார். அவர் தொடர்ந்து கிளிக் செய்வதற்கான வாய்ப்பு வழக்கமாக 0.85 என்று வைக்கப்பட்டது.

● ஒரு பக்கத்தின் பேஜ்ரேங்க் எவ்வளவு என்று பிரவுசர் கருவிப்பட்டையில் காட்டி வந்த கூகுள், 2016-இல் அதை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று எந்தக் கருவி 'உங்கள் பக்கத்தின் இணைப்பு மதிப்பெண் 72' என்று காட்டினாலும், அது அந்தக் கருவி தானே போட்ட கணக்கு. ஒரு பக்கத்தை இன்னொன்றோடு ஒப்பிட உதவும். கூகுளின் மதிப்பெண் அல்ல.

● கூகுளே இலவசமாகத் தரும் கருவி சர்ச் கன்சோல். 2006 முதல் வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று இருந்த இதற்கு 2015-இல் இப்போதைய பெயர் வந்தது. இதன் 'இணைப்புகள்' பகுதியில் உங்கள் தளத்தின் எந்தப் பக்கத்துக்கு எத்தனை உள் இணைப்புகள் என்று பார்க்கலாம். முக்கியமான கட்டுரை அடியிலும் 'தொடர்புக்கு' பக்கம் உச்சியிலும் இருந்தால், முதலில் செய்ய வேண்டிய வேலை எது என்பது தெரிந்துவிடும். ஒரு குறை: பட்டியல் 1,000 வரிசைகளோடு நின்றுவிடும்.

● தளத்தில் இருந்தும் வேறு எந்தப் பக்கமும் சுட்டாத பக்கத்துக்கு 'அனாதைப் பக்கம்' என்று பெயர். வாசல் வைக்காத வீடு மாதிரி. லிங்க் பிடித்து லிங்க்காக ஊர்ந்து போகும் கருவிக்கு இது அகப்படவே அகப்படாது. தள வரைபடத்தையும் சர்ச் கன்சோல் பட்டியலையும் உள்வாங்கி ஒப்பிடும் கருவிதான் இதைக் கண்டுபிடிக்கும். அப்படி ஒப்பிடுமா என்பதுதான் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

● தளங்களைத் தேடலில் மேலே கொண்டுவரும் எஸ்.இ.ஓ. வேலை செய்பவர்கள் பலரின் கணினியில் இருக்கும் 'ஸ்க்ரீமிங் ஃப்ராக்' கருவி இங்கிலாந்துத் தயாரிப்பு. 500 யூ.ஆர்.எல். வரை இலவசமாகவே அலசித் தரும். பக்கங்களோடு படங்களும் பிற கோப்புகளும் அந்த 500-இல் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

● சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஏஎச்ரெஃப்ஸ்' கட்டணச் சேவைதான். ஆனால் தளம் தன்னுடையது என்று உறுதிசெய்பவருக்கு அந்தத் தளத்தை மட்டும் இலவசமாகப் பரிசோதித்துக் கொடுக்கிறது.

● பக்கத்தின் ஆழம் என்பது முகப்பிலிருந்து எத்தனை கிளிக்கில் அங்கே போகலாம் என்பது. முகவரியில் எத்தனை சாய்கோடு இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாய்கோட்டைக் குறைக்க முகவரிகளை மாற்றினால் வீண் வேலை; முகப்பில் ஓர் இணைப்பு வைத்தால் போதும்.

● பார்ப்பதற்கு லிங்க் போலத் தெரிவதெல்லாம் லிங்க் அல்ல. 'ஏ' குறிச்சொல்லும் அதற்குள் 'எச்ரெஃப்' முகவரியும் இருந்தால்தான் கூகுள் அதை நம்பகமாகப் பின்தொடரும். ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு வேலை செய்யும் பொத்தானை வாசகர் அழுத்தலாம், கூகுள் அழுத்தாது.

● ஒரு பக்கத்தில் 100 லிங்க்குக்கு மேல் வேண்டாம் என்று கூகுள் ஒரு காலத்தில் சொன்னது உண்மை. ஒரு பக்கத்தில் சுமார் 100 கிலோபைட் மட்டுமே அது படித்த காலத்து அறிவுரை அது. கூகுள் கைவிட்டு ஆண்டுகள் பல ஆன பிறகும் சில கருவிகள் '100-ஐத் தாண்டிவிட்டது' என்று சிவப்பு விளக்கு காட்டுகின்றன.

● 'இந்த லிங்க்கைப் பின்தொடராதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறி 2005-இல் வந்தது, பின்னூட்டங்களில் குவிந்த விளம்பரக் குப்பையைத் தடுக்க. பிறகு சிலர் தங்கள் தளத்துக்குள்ளேயே வேண்டாத பக்கங்களுக்கு அதைப் போட்டு, மிச்சமாகும் மதிப்பை வேண்டிய பக்கங்களுக்குத் திருப்பப் பார்த்தார்கள். அப்படி மிச்சமாகும் மதிப்பு வேறெங்கும் போய்ச் சேராது என்று 2009-இல் கூகுள் அறிவித்தது. இன்னும் அந்த வசதியைப் பெருமையாகச் சொல்லி விற்கும் கருவி பழைய சரக்கு.

● லிங்க் விழும் சொற்களுக்கு எவ்வளவு வலு? 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களில் பலர் சேர்ந்து லிங்க் கொடுத்ததால், 2003-இல் அந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்பு முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் அந்தச் சொற்களே இல்லை! 2007 ஜனவரியில்தான் கூகுள் இதைச் சரிசெய்தது. 'இங்கே கிளிக் செய்யவும்' என்பதில் லிங்க் போட்டால் இந்த வலு முழுவதும் வீண்.

● வேர்ட்பிரஸ் பிளக்இன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, லிங்க்கைக் கட்டுரைக்குள்ளேயே எழுதிவிடும். மற்றது, பக்கம் திறக்கும்போது மட்டும் ஒட்டிக் காட்டும். இரண்டாவது வகையை நீக்கிய நொடியில் அது போட்ட இணைப்புகள் எல்லாம் காணாமல் போகும். சந்தாவை நிறுத்தினால் என்ன மிஞ்சும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

● தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்குச் சோதனை இன்னும் அதிகம். 'குளம்' என்று சொல் கொடுத்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு 'குளத்தில்', 'குளங்கள்' எதுவும் தெரியாது. வேற்றுமை உருபு ஏறினாலே அதற்கு அது வேறு சொல்.

● இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சொல் எங்கே முடிகிறது என்று பார்க்கும் நிரல்கள் சிலவற்றுக்குப் புள்ளி ஓர் எழுத்தாகவே தோன்றாது. அப்படிப்பட்ட கருவியிடம் 'கல்' என்ற சொல்லுக்கு இணைப்புக் கேட்டால், 'கல்வி'யின் முதல் பாதியில் கொண்டுபோய் ஒட்டும்; தனியாக நிற்கும் 'கல்'லை விட்டுவிடும். கல்விக் கட்டுரையைப் படிக்கிறவர் கிரானைட் கடைப் பக்கத்தில் போய் இறங்குவார்.

● யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: உயிர்க்குறியை ஒன்றாகவும் வைக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்றும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கருவிக்கோ வேறு வேறு. 'கொடைக்கானல்' பத்து இடங்களில் இருந்தும் ஆறில்தான் இணைப்பு விழுந்தது என்றால் இதைச் சந்தேகப்படலாம்.

● 'தமிழ்' என்ற ஒரே சொல் இணைய முகவரிக்குள் போகும்போது சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 45 இடங்களை அடைத்துக்கொள்கிறது. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்குவது 200 இடங்கள்தான். 'தஞ்சாவூர்ப் பெரிய கோயில் வரலாறு' என்று தலைப்பு வைத்தால், தானாக உருவாகும் முகவரி 'கோயில்' என்பதோடு முடிந்துவிடும். அடுத்து 'தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கட்டடக்கலை' எழுதினால், அதன் முகவரியும் அதே மாதிரி தொடங்கி வாலில் 2 என்ற எண்ணோடு வரும். எதற்கு இணைப்புக் கொடுக்கிறோம் என்பது நமக்கே குழம்பும். முகவரியைக் கையால் சுருக்கி எழுதிவிடுவது நல்லது.

● உள் இணைப்பை ஒழுங்காகக் கையாள்வதற்கு விக்கிப்பீடியா நல்ல முன்மாதிரி. ஒரே சொல்லுக்குத் திரும்பத் திரும்ப இணைப்புப் போடக் கூடாது என்பது அதன் நடை விதிகளில் ஒன்று. அந்தப் பக்கத்தை எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்று காட்டும் வசதியும் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. தானாக இணைப்புப் போடும் கருவி வாங்கினால், ஒரு பக்கத்துக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு வைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

● முடிவாக ஒரு யோசனை. படங்களும் பிற கோப்புகளும் சேர்த்து 500 யூ.ஆர்.எல்.லுக்குள் அடங்கும் தளமென்றால் சர்ச் கன்சோலும் ஓர் இலவச அலசல் கருவியும் போதும். இணைப்பை நீங்களே போடலாம். ஆயிரக்கணக்கில் பக்கங்கள் இருந்தால், தானாகப் போடுவதை விட்டு, யோசனை மட்டும் சொல்லும் கருவியை வாங்குங்கள். தமிழ்த் தளமென்றால் இலவசச் சோதனைக் காலத்திலேயே 'குளம்', 'கல்' இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். இரண்டிலும் தேறாத கருவிக்குப் பணம் கட்ட வேண்டாம்.