பழைய லொறியின் எஞ்சின்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

நெல்லாயினும் மரக்கறியாயினும் நிலத்தில் விளைந்த அளவில் அது கமக்காரரின் கைக்குப் பணமாக வந்துவிடுவதில்லை. களத்திலிருந்து ஆலைக்கும், தோட்டத்திலிருந்து சந்தைக்கும் அது உரிய வேளையிற் சென்று சேர்தல் வேண்டும். பறித்த தக்காளியும் கத்தரியும் ஒரு நாள் தாமதிப்பின் விலை குன்றும். ஈரநெல் மூட்டையிற் கிடப்பின் சூடேறி நிறங் கெடும். ஆகவே, மண்வெட்டியையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் போன்று, சொந்தமாகவோ பங்காகவோ வைத்திருக்கும் சிறு லொறியும் கமத்தொழிலுக்குரிய கருவிகளுள் ஒன்றேயாகும்.

கமக்காரரிடையே ஓடும் சிறு லொறிகளுட் பல, இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவை. 2020 ஆம் ஆண்டு இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய லொறிகளின் விலையும் ஏறியது. 2025 இல் இறக்குமதிக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டதாயினும், வரியுஞ் சேர்ந்த விலையிற் புதிய லொறி வாங்குதல் பெரும்பாலார்க்கு எளிதன்று. எனவே, எஞ்சின் தளர்ந்த லொறியை வைத்திருப்பவர் முன் இரண்டு வழிகளே நிற்கின்றன. ஒன்று, உள்ள எஞ்சினைப் பிரித்துப் புதுப்பித்தல். மற்றையது, வேறோர் எஞ்சினை வாங்கிப் பூட்டுதல்.

இவ்விரண்டில் எது நல்லது என்பதைப் பலர் அயலவரின் சொல்லைக் கேட்டோ, விற்பவர் கூறும் விலையைக் கேட்டோ தீர்மானிக்கின்றனர். நகையை அடகு வைத்துப் பெற்ற பணம் ஓராண்டிற்குள் மீண்டும் புகையாய்ப் போவது இதனாலேயே. இதனைத் தீர்மானிக்க வேண்டியவை அளவுகோலுங் கணக்குமேயாம்.

எஞ்சின் உண்மையிலே தளர்ந்ததா?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குட் காற்று மிகுதியாக அழுத்தப்படும்போது உண்டாகும் வெப்பமே டீசலை எரியச் செய்கின்றது. பிஸ்டன் றிங்குகளும் சிலிண்டர்ச் சுவரும் தேய்ந்தாற் காற்று கசியும்; அழுத்தம் குறையும்; வலு குன்றும்; காலையில் எஞ்சின் இலகுவில் இயங்காது. ஆயினும், இக்குறிகளெல்லாம் வேறு சிறு பழுதுகளாலும் தோன்றக்கூடும். ஆதலின், எஞ்சினைத் திறக்குமுன் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

கரும்புகை வருமாயின் டீசலுக்கேற்ற காற்று கிடைக்கவில்லை என்பது பொருள். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம்; அல்லது இன்ஜெக்டர் டீசலை நுண்துளியாகத் தூவாது ஒழுகவிடலாம். இவற்றைச் சீர்செய்வதற்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

நீலப்புகை வருமாயின் எஞ்சின் ஒயில் எரிகின்றது என்க. அது றிங்குகளின் தேய்வாக இருக்கலாம். வால்வுகளின் ஒயிற் தடுப்புச் சீல்கள் கெட்டமையாகவும் இருக்கலாம். டேர்போ பூட்டிய எஞ்சினாயின் அதனூடாகவும் ஒயில் கசியலாம்.

வெண்புகை காலையில் மாத்திரம் வந்து பின் மறையுமாயின் அது பெரும்பாலும் எரியாத டீசலாகும். றேடியேற்றரில் நீருங் குறைந்து வெண்புகையும் நீங்காதிருப்பின், ஹெட் காஸ்கற் எரிந்ததோ ஹெட் வெடித்ததோ என ஐயுறல் வேண்டும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், உள்ளிருந்து புகை விட்டுவிட்டு வேகமாகத் தள்ளுமாயின் சிலிண்டர்கள் தேய்ந்தமைக்கு அது வலுவான சான்றாகும். பாரம் ஏற்றிச் செல்லும்போது அடிப்பாகத்திற் கனத்த தட்டொலி கேட்குமாயின் லொறியை அவ்விடத்திலேயே நிறுத்தல் வேண்டும். தேய்ந்த பேரிங்கை மாற்றுதல் சிறு செலவு. அதனுடன் மேலும் பத்து மைல் ஓட்டிக் கிராங் தண்டையுங் கெடுத்துக்கொள்ளுதல் பெருஞ் செலவு.

இறுதியாக, ஒவ்வொரு சிலிண்டரினதும் அழுத்தத்தைக் கருவிகொண்டு அளப்பித்தல் அவசியம். ஒரு சிலிண்டருக்கும் மற்றையதற்குமிடையே நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேறுபாடு காணப்படின் பழுது உண்டு. சிலிண்டருக்குட் காற்றைச் செலுத்திக் கசிவைக் கேட்குஞ் சோதனை இன்னும் நன்று. ஒயில் மூடிவழியே காற்று வரின் றிங்கிலும், புகைக்குழாய்வழி வரின் வால்விலும், றேடியேற்றரிற் குமிழி எழின் காஸ்கற்றிலும் பழுது உளது எனத் துணியலாம்.

திறந்தபின் அளவே தீர்ப்பு

எஞ்சின் பிரிக்கப்பட்ட பின்னர், எதனையும் வாங்குமுன், புளொக், கிராங் தண்டு, ஹெட் ஆகிய மூன்றையும் லேத் வேலைத்தலத்திற்குக் கொண்டுசென்று அளப்பித்தல் வேண்டும். இம்மூன்றுமே எஞ்சினின் முதல். ஏனையவை தேய்ந்தால் மாற்றத்தக்கவை.

சிலிண்டரின் மேற்பகுதியிலேயே தேய்வு அதிகம். அங்கே வெப்பம் மிகுதி. ஒயிற் படலமோ மெல்லிது. அதனாற் சிலிண்டர் மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும், வட்டம் குலைந்தும் போகின்றது. இத்தகைய சிலிண்டரிற் புதிய றிங்குகளை மாத்திரம் பூட்டுதல் மிகப் பலர் செய்யுந் தவறாகும். வட்டமான றிங் வட்டமற்ற சுவரோடு பொருந்தாது. சில மாதங்களிற் பழைய புகையே திரும்பவும் வரும். செலவு குறைந்ததென்று தோன்றும் இவ்வேலை, காஸ்கற்றுகளுக்கும் கூலிக்கும் இருமுறை பணங் கொடுக்கச் செய்வதால், முடிவில் எல்லாவற்றிலுங் கூடிய செலவாகின்றது.

தேய்ந்த சிலிண்டரை முறையாகச் சீர்செய்தற்கு இரண்டு வழிகளுண்டு. புளொக்கைக் கடைந்து 0.25, 0.50, 0.75 அல்லது 1.00 மில்லிமீற்றர் பெரிதான பிஸ்டன் பூட்டுதல் ஒன்று. லைனர் உள்ள எஞ்சின்களிற் பழைய லைனரைக் கழற்றிப் புதியது ஏற்றுதல் மற்றொன்று. இசுசு சிறு லொறிகளில் வரும் 2,771 கன சதமமீற்றர்க் கொள்ளளவும் 93 மில்லிமீற்றர்ச் சிலிண்டர் விட்டமும் உடைய 4 ஜே.பி.1 எஞ்சின் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் புளொக் நன்றாக இருப்பின் லைனரும் பிஸ்டனும் மாற்றி மூல அளவுக்கே கொண்டுவரலாம்.

கிராங் தண்டையும் 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் அரைத்து, அதற்கேற்ற தடித்த பேரிங் இடலாம். ஆயினும் முன்னரே கடைசி அளவுவரை அரைக்கப்பட்டதா, வெடிப்பு உண்டா என்பதை அறிதல் வேண்டும். சில தண்டுகளின் மேற்பரப்பு மெல்லியதாக வன்மையேற்றப்பட்டது. அரைத்தால் அவ்வன்மை நீங்கிவிடும். உமது எஞ்சினின் தண்டு அவ்வகையினதா என வேலைத்தலத்தாரிடம் முன்னரே கேட்டறிக. ஹெட்டை நீரழுத்தத்தாற் சோதித்து, மேற்பரப்பு வளைந்திருப்பின் சமன்செய்விக்க வேண்டும்.

மூன்றும் சீர்செய்யத்தக்கவையாயின் புதுப்பித்தலே பெரும்பாலும் நன்று. புளொக் வெடித்து, அல்லது கிராங் முறிந்து, இரண்டு பெரும் உறுப்புகளை வாங்க வேண்டிய நிலை வருமாயின் மாற்று எஞ்சினைத் தேடலாம்.

மாற்று எஞ்சின் வாங்குவோர்க்கு

யப்பானிலிருந்து கழற்றி இறக்குமதி செய்யப்படும் எஞ்சின்கள் இலங்கையில் விற்கப்படுகின்றன. அவற்றுள் நல்லனவும் உள, தீயனவும் உள. மேலே பூசிய வர்ணம் உள்ளே உள்ள தேய்வைக் காட்டாது. ஆதலால் விலை பேசுமுன் கீழ்க்காணும் நான்கு காரியங்களையுஞ் செய்தல் வேண்டும்.

1. எஞ்சினைக் கையாற் சுழற்றிப் பார்க்க. இறுகியதையும் இடையிடையே தடைப்படுவதையும் விலக்குக.

2. ஒயில் மூடியினுட் கருஞ்சேறு படிந்துளதா, நீர் செல்லும் வழிகளிற் துரு மிகுந்துளதா என்று நோக்குக.

3. இயன்றால் விற்கும் இடத்திலேயே அழுத்தம் அளப்பித்து, அவ்வளவுகளைப் பற்றுச்சீட்டில் எழுதுவிக்க.

4. எத்தனை நாட்களுக்கு, எவ்வெப் பழுதுகளுக்குப் பொறுப்பேற்கப்படும் என்பதை எழுத்திற் பெறுக. வாய்ச்சொல் பொறுப்பாகாது.

முன்னிருந்த அதே வகை எஞ்சினையே வாங்குதல் நலம். வேறு வகையாயின் கியர்ப்பெட்டியின் பொருத்து, தாங்கிகள், றேடியேற்றர், புகைக்குழாய் ஆகியன ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவரும். மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட புதுவகை டீசல் எஞ்சினைப் பழைய லொறியிற் பூட்டின், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கம்பித் தொகுதியும் உடன் வேண்டும். பழுதுற்றால் ஊர்க் கராஜிற் திருத்துதலும் அரிது. வாங்கியதை அவ்வாறே பூட்டாது, நீர்ப்பம்பு, தெர்மோஸ்ரற், சீல்கள், ‘ரைமிங் பெல்ற்’ உள்ளதாயின் அதுவும் புதிதாக இட்ட பின்னரே பூட்டுதல் வேண்டும். பூட்டியபின் இவற்றை மாற்றுதற்குக் கூலி மிகும்.

மற்றொன்றும் மறக்கலாகாது. எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவிலே குறிக்கப்பட்டுள்ளது. எஞ்சின் மாறுமாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆகவே, இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டையும் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் விற்பவரிடம் கேட்டுப் பெறுதல் நன்று. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைச் சோதனைச் சான்றிதழும் வேண்டுமாதலின், புகை கக்கும் எஞ்சின் எவ்வளவு மலிவாயினும் மலிவன்று.

கணக்கிடும் முறை

செலவை மட்டும் ஒப்பிடாது, ஓர் ஆண்டுக்கு ஆகுஞ் செலவை ஒப்பிடுதல் வேண்டும். பின்வரும் எண்கள் முறையை விளக்குதற்காக எடுத்துக்கொண்டவை, சந்தை விலைகளல்ல.

புதுப்பித்தற்கு 400,000 ரூபா செலவாகி, எஞ்சின் 5 ஆண்டுகள் உழைக்கும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 80,000 ரூபா ஆகின்றது. மாற்று எஞ்சினுக்கு 300,000 ரூபாவும் பூட்டுதற்கு 60,000 ரூபாவும் சென்று, அது 3 ஆண்டுகள் உழைக்கும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 120,000 ரூபா ஆகின்றது. முதலிற் குறைவாகத் தோன்றிய செலவே முடிவிற் கூடியதாயிற்று.

இனி, லொறி நிற்கும் நாட்களையும் எண்ணுவோம். புதுப்பித்தற்கு 25 நாட்களும், மாற்றுதற்கு 7 நாட்களும் செல்லும் என்க. அறுவடை நாட்களிற் பிறர் லொறியை அமர்த்துவதால் நாளொன்றுக்கு 6,000 ரூபா மேலதிகமாகச் செல்லுமாயின், முதலாவதற்கு 150,000 ரூபாவும், இரண்டாவதற்கு 42,000 ரூபாவும் கூடும். அப்பொழுது ஆண்டுச் செலவு முறையே 110,000 ரூபாவும் 134,000 ரூபாவுமாகும். அதே மாற்று எஞ்சின் நன்றாகச் சோதித்து வாங்கப்பட்டு 4 ஆண்டுகள் உழைக்குமாயின் 100,500 ரூபாவே ஆகும். அப்போது மாற்றுதலே இலாபம்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. வேலை குறைந்த காலத்திற் செய்விக்க இயலுமாயின் புதுப்பித்தல் இலாபமாகும். அறுவடைக்காலத்தில் எஞ்சின் கைவிட்டதாயின், சோதித்து வாங்கிய மாற்று எஞ்சின் காரியத்தைக் காக்கும். ஆகவே புகையுந் தட்டொலியுங் காட்டத் தொடங்கிய எஞ்சினை, பெரும்போக அறுவடைவரை ‘எப்படியும் இழுக்கும்’ என்று விட்டுவைத்தல் ஆகாது. வடக்கிலுங் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை மிகுந்து, நெல் பயிராய் நிற்கும். லொறிக்கு வேலை குறைந்த அக்காலமே இதற்கு உகந்தது.

எஞ்சினுக்குப் பணமிடுமுன் அடிச்சட்டம், பின் அச்சு, கியர்ப்பெட்டி ஆகியவற்றையும் நோக்குதல் வேண்டும். அடிச்சட்டம் துருவேறி உக்கிய லொறிக்கு எந்த எஞ்சினும் வீணே.

பழுதின் காரணத்தை நீக்குக

எஞ்சின் ஏன் தளர்ந்தது என்பதை அறியாது புதியதைப் பூட்டினால் அதுவும் அவ்வாறே தளரும். வயற்பாதையிலும் களத்திலும் எழுந் தூசியும் உமித்தூளும் காற்று வடிகட்டியினூடாகவோ, அதன் வெடித்த இறப்பர்க் குழாயினூடாகவோ உட்சென்றாற் சிலிண்டரை அரைத்துவிடும். வடிகட்டியை அடிக்கடி பார்த்து, குழாயை மாற்றுதல் சிறு செலவேயாகும்.

அடுத்த பகை வெப்பம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளின் நீர் சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறி வருவதால் வன்மையுடையது. கேத்தலிற் படியும் வெண்காரை போன்று அது றேடியேற்றரினுள்ளும் படிந்து, நீரோட்டத்தைத் தடுக்கும். குளிராக்கித் திரவத்தையோ, சுத்தமான மழைநீரில் அதனைக் கலந்தோ பயன்படுத்துதல் நன்று. எஞ்சின் வேலை நடக்கும்போதே றேடியேற்றரையுங் கழற்றிச் சுத்தஞ் செய்வித்தல் வேண்டும்.

புதுப்பித்தபின்

முதல் 500 கிலோமீற்றருக்குப் பாதிப் பாரத்திற்கு மேல் ஏற்றாது, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுதல் வேண்டும். நெடுநேரம் வெறுமனே ஓடவிடுதலுங் கூடாது. றிங்குகள் சுவரோடு பொருந்துதற்கு மிதமான பாரம் அவசியம். இத்தூரம் ஓடியபின் ஒயிலையும் ஒயில் வடிகட்டியையும் மாற்றினால், புதிய உறுப்புகளினின்றுந் தேய்ந்த உலோகத்தூள் வெளியேறிவிடும். வேலைத்தலத்தார் தந்த அளவுகளையும் மாற்றிய உறுப்புகளையும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்தல், அடுத்த பழுதின்போது பெரிதும் உதவும்.

சுருங்கக் கூறின், முதலிற் சோதிக்க, பின் அளக்க, அதன்பின் கணக்கிடுக, இறுதியிலேயே பணத்தை எடுக்க. இவ்வொழுங்கை மாற்றாத கமக்காரரின் லொறி, விளைவு பெருகும் நாளில் வீதியோரத்தில் நில்லாது, மூட்டைகளோடு சந்தை போய்ச் சேரும்.